வேண்டாத படம் எடுத்த கதை

கோணங்குளம் என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்களிடம் ஒன்றைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். அவர்களிடம் உள்ள ஒரே தொந்தரவு அதுதான்.

அந்த ஊர் செண்பகவல்லியின் புருஷன் மஸ்கட்டில் வேலை பார்த்தான். கைப்பிள்ளைக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. "குத்தும்போது அழுவான்லா, அந்தப் படம் ஒண்ணு மட்டும் அனுப்பு. பக்கத்துல நின்னு தேத்தத்தான் முடியல" என்று போனில் சொன்னான். செண்பகவல்லி எப்பாடுபட்டாவது அனுப்புவதாக வாக்குக் கொடுத்தாள்.

அவள் போனோ, 'இடம் குறைவாக உள்ளது' என்று நாலு நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தது. உள்ளே ஆயிரத்து எண்ணூறு படம். பிள்ளை தூங்குவது, தூங்கி எழுவது, எழுந்து மறுபடி தூங்குவது. செல்போன் கடையில் போய் வழி கேட்டாள். கடைக்காரர் வேறொரு போனைக் கழற்றிப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னார்.

"வேண்டாத படத்தையெல்லாம் எடுத்துருங்கம்மா. இடம் தன்னால வந்துரும்."

இவ்வளவு சுலபமா என்று வீட்டுக்கு வந்தாள். கொழுந்தன் சுடலைமணியையும் பக்கத்து வீட்டு இசக்கியம்மா மதினியையும் கூப்பிட்டு, வேண்டாதது என்றால் எதெல்லாம் என்று கேட்டாள். அது வீட்டுக்கு வீடு மாறும், முதலில் உன் வீட்டிலிருந்து தொடங்கு என்றாள் மதினி.

தொடங்கினார்கள். ஓட்டைக் குடத்தை ஒரு படம் எடுத்தார்கள். காற்றுப்போன சைக்கிள் டியூப், பல்லுப்போன சீப்பு, ஜோடி தொலைந்த செருப்பு. மாமியாரை எடுப்பதா கூடாதா என்று அரைமணி நேரம் குசுகுசுவென்று பேசினார்கள். "அம்மால்லா" என்று சுடலைமணி இழுத்தான். கடைசியில், முகம் தெரியாமல் முதுகுப்பக்கமாக ஒன்றே ஒன்று என்று முடிவாயிற்று.

செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டுமே என்று தெருவிலும் இறங்கினார்கள். சாக்கடை, கருவேலமுள், வார்டு மெம்பர். மெம்பர் துண்டைச் சரிசெய்துகொண்டு, பல் தெரியச் சிரித்து நின்றார்.

பொழுது சாயும்போது போன், 'இடம் இல்லை' என்று ஒரேயடியாகக் கைவிரித்துவிட்டது.

"நம்மகிட்ட வேண்டாததுதான் நெறைய கெடக்கு போல" என்றான் சுடலைமணி, கவலையோடு.

மறுநாள் காலை அய்யனார் கோயில். சன்னிதியில் தாய்மாமன் பிள்ளையை மடியில் வைத்துத் தயாராக உட்கார்ந்துவிட்டான். கோயிலுக்குப் பின்னால் இந்த மூன்று பேரும் போனைச் சுற்றி நின்றார்கள். படத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரித்தால் பிள்ளைக்குக் கல்யாணமே வந்துவிடும். சுருக்கமாக ஒரு வழியை மதினிதான் கண்டுபிடித்தாள்.

"அரிசியை ஒண்ணொண்ணாவா பொறுக்குதோம்? புடைக்கோம்லா? அதே மாதிரி இதையும் புடைச்சிருவோம். கனமான படம் நிக்கும், சப்பை பறந்துரும்."

"எம் பிள்ளை நின்னுருவானா மதினி?"

"எட்டரைக் கிலோ. நிக்காம எங்க போவான்? டியூப்பு பறந்துரும். உன் மாமியாதான் இழுபறி."

சமையல்காரரிடம் முறம் வாங்கி, போனை அதில் வைத்து, காற்றுவாக்கில் நின்று புடைத்தாள். போனின் மேலுறை மட்டும் பறந்துபோய்ப் பொங்கல் பானையில் விழுந்தது.

சுடலைமணிக்குப் பொறுமை போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் சிலேட்டை எப்படி அழித்தோம் என்று கேட்டு, கட்டைவிரலில் எச்சிலைத் தொட்டு, படங்களின் மேல் அழுத்தித் தேய்த்தான். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. போன் நின்று நிதானமாக, 'எல்லாவற்றையும் அழிக்கவா?' என்று கேட்டது.

"மரியாதையாக் கேக்குது. சரின்னு சொல்லுல" என்றாள் மதினி.

சொன்னான். ஆயிரத்து எண்ணூறும், நேற்று எடுத்தவையும் போய், போன் கழுவிவைத்த தட்டு மாதிரி ஆகிவிட்டது. அவர்கள் சந்தோஷத்தில் குதித்த அதே நேரம் சன்னிதியில் பிள்ளை வீறிட்டான். குதித்து முடித்து ஓடிப்போய்ப் பார்த்தால், இரண்டு காதும் குத்தியாகிவிட்டது. பிள்ளை வாழைப்பழத்தை ஈஷிக்கொண்டு சிரிக்கிறான். காது குத்திய ஆசாரி பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இருக்கிறார்.

செண்பகவல்லி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அவுக ஒரே ஒரு படந்தான் கேட்டாக" என்றாள்.

மதினி யோசித்தாள். குத்தின காதில் மறுபடி குத்த முடியாது. ஆகவே குத்தாத காது வேண்டும். கூட்டத்தில் ஒவ்வொருவர் காதாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். சின்ன வயதில் காதுகுத்துக்குப் பயந்து பனைமரத்தில் ஏறிக்கொண்ட ஒருத்தன் இருந்தான். சுடலைமணி.

நாலு பேர் பிடித்து அவனைத் தாய்மாமன் மடியில் உட்கார்த்தினார்கள். மாமனுக்கு மூச்சு முட்டியது. ஆசாரி கையைக் கழுவிவிட்டு வந்து குத்தினார். சுடலைமணி ஊரே அதிர அழுதான். படம் பளிச்சென்று விழுந்தது, உடனே மஸ்கட்டுக்கும் போனது.

அரைமணி நேரம் கழித்து போன் அடித்தது. புருஷன் விம்மிக்கொண்டிருந்தான்.

"போன வாரப் படத்துலகூடத் தவழ்ந்துக்கிட்டுல்ல இருந்தான், வல்லி? ஒரே வாரத்துல மீசை வச்சிட்டானே. அப்பிடியே எந்தம்பி சாடை."