பிணவுருவில் பலிக்காத மந்திரம்

செம்பாயி ஏழடுக்குக் குகையின் வாசலில் மந்திரம் கற்பித்து வந்தாள். இறங்குகிறவர்கள் வாசலில் ஒரு விளக்கு ஏற்றிவிட்டுப் போவார்கள். திரும்பியதும் அவரவர் வாயால் ஊதி அணைக்க வேண்டும். அதுவரை ஆள் திரும்பியதாக அவள் ஒப்புக்கொள்வதில்லை.

அவளுடைய சீடன் மூக்கன் அவளைவிட வயதில் மூத்தவன். கல்லுடைத்த ஆள். அவனுக்கு எல்லாமே உடனே நடந்தாக வேண்டும்.

குகைக்குள் அவ்வப்போது நச்சுப்புகை கிளம்பும். அதைக் கடக்கப் பிணவுரு மந்திரம் கொடுத்திருந்தாள். அதைச் சொன்னால் மூச்சும் ரத்தமும் நின்றுவிடும், கை, கால், வாய் மட்டும் இயங்கும். நஞ்சு ஏறாது, வலிக்காது. எமனுக்கே டிமிக்கி கொடுக்கிற வித்தை என்று மூக்கன் சொல்லித் திரிந்தான்.

புதையல் ஆசையில் அவன் தம்பி சடையன் தனியாக இறங்கி நாகத்திடம் கடிபட்டான். மூக்கன் விளக்கை ஏற்றிவிட்டுப் பிணவுருவில் போய், தம்பியைத் தோளில் தூக்கி வந்தான். வாசலில் கிடத்தி, நெஞ்சில் கை வைத்து விஷமிறக்கும் மந்திரத்தைச் சொன்னான். மறுபடியும் சொன்னான். சடையனின் உதடு நீலமாகவே இருந்தது.

"அம்மா, ஒரு எழுத்து பிசகல. பலிக்க மாட்டேங்குது."

"பிணவுருவுல அது பலிக்காதுண்ணே."

"உள்ள நெருப்பு மந்திரம் பலிச்சுதே. எலும்புக்கூட்டை எழுப்பினேன், எழுந்துச்சே."

"அதெல்லாம் பலிக்கும்."

"அப்ப நீங்க சொல்லுங்க."

"உங்களுக்குக் கொடுத்த அன்னைக்கே அது என் நாக்கை விட்டுப் போயிடுச்சு. ஒருத்தர்கிட்டதான் தங்கும். தெரிஞ்சுதானே வாங்கினீங்க?"

 பிணவுருவைக் கலைக்க நினைத்துக் குனிந்த மூக்கன் தன் கணுக்காலைப் பார்த்தான். அங்கே இரண்டு பல் தடம். தம்பியைத் தூக்கும்போது அதே நாகம் அவனையும் தீண்டியிருக்கிறது.

"கலைச்சா எனக்கும் ஏறுமா?"

"ஏறும்."

"அவனுக்குச் சொல்லி முடிச்சிட்டு எனக்கும் சொல்ல நேரம் இருக்குமா?"

"தெரியாது."

 அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது.

"பெரியவங்க எதுக்கும்மா இப்படி ஒரு தடை வச்சாங்க? இந்த உருவுலயே சொல்ல ஒரு வழி இருக்கக்கூடாதா?"

செம்பாயி அவன் ஏற்றிய விளக்கை எடுத்து வந்து அவன் முகத்தருகே பிடித்தாள்.

"ஊதுங்க."

அவன் கன்னம் உப்ப ஊதினான். சுடர் அசையவில்லை. இன்னொரு முறை ஊதினான். அப்போதும் அசையவில்லை.

தம்பியைப் பார்த்தான். சின்ன வயதில் தூங்குவது போலவே வாயைத் திறந்து கிடந்தான். மூக்கன் கலைப்பு மந்திரத்தைச் சொன்னான்.

முதலில் ரத்தம் பாய்ந்து கை சுட்டது. பிறகு கணுக்காலிலிருந்து முழங்கால் வரை வலி விறுவிறுவென்று ஏறியது. "ஆத்தா" என்று வாய்விட்டு அலறினான். அந்த அலறலில் விளக்கு அணைந்தது.

செம்பாயி விளக்கைக் கீழே வைத்தாள்.

"வந்துட்டீங்களாண்ணே? இப்ப சொல்லுங்க."