செழித்த தட்டு

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் பற்றி ஆராயப் பேராசிரியர் திலகவதியிடம் சேர்ந்து இசக்கிமுத்துவுக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அன்று காலையிலிருந்து அவனுக்கு வேலை ஓடவில்லை. திரவத்தைச் சிந்தினான், துடைத்தான், மறுபடியும் சிந்தினான்.

"என்னாச்சு?" என்றார் திலகவதி.

அவன் வேறொன்றைக் கேட்டான். "மேடம், வைரஸ் இத்தனூண்டு. செல் அதைவிட எவ்வளவோ பெரிசு. அது உள்ள வந்ததும் செல் ஏன் சும்மா இருக்கு?"

அவர் இரண்டு தட்டுகளை எடுத்து வந்து நுண்ணோக்கியின் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் செல்கள் வளர்ந்துகொண்டிருந்தன.

"இதுல ஒண்ணுலதான் வைரஸோட மரபணு இருக்கு. எதுன்னு சொல்லு."

அவன் ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தான். ஒரு தட்டில் செல்கள் பக்கத்துச் செல்லைத் தொட்டதும் நின்றிருந்தன. சில செத்தும் கிடந்தன. மற்றதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, செழித்துக் கிடந்தன.

அவன் செத்த செல்கள் இருந்த தட்டைக் காட்டினான்.

"இல்ல. மத்தது."

"அது நல்லா இருக்கே மேடம்."

"மரபணுவுல பழுது இருந்தா, 'பெருகாதே, நில்லு'ன்னு சொல்ல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு புரதம் உண்டு. வைரஸ் அதோட சண்டை போடாது. குப்பைன்னு அது மேல அடையாளம் ஒட்ட வைக்கும். செல்லே அதை எடுத்து அழிச்சிடும். அப்புறம் நில்லுன்னு சொல்ல ஆள் இல்லாம பெருகிட்டே போகும்."

இசக்கிமுத்து நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அக்காவுக்கு மாதவிடாய் நின்னு நாலஞ்சு வருஷம் ஆச்சு மேடம். இப்ப மறுபடி ரத்தம் படுது. தாய் இல்லாத என்னை வளத்தவ. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னேன். நல்லாத்தானே இருக்கேன், வெளிய சொல்லாதேன்னுட்டா."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னுட்டேன்."

திலகவதி தட்டுகளை மூடினார். "அது வேற எதுவாவும் இருக்கலாம். பாத்தாத்தான் தெரியும். அவங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, கிளம்பு."

அவன் கையுறையைக் கழற்றினான். கதவருகே போய் நின்றுவிட்டான்.

"பிடிவாதக்காரி மேடம். நான் சொன்னாக் கேக்கவே மாட்டா."

"கேக்காமப் போகட்டும். சொல்றதுக்கு அந்த வீட்டுல ஒரு ஆள் இருக்கணும்."