மணிகளுக்கு ஓர் ஓய்வுக்குறி

யோரிஸ் மாணவராகச் சேர்ந்தபோது அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. ஆசிரியை எல்ஸுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. ஊரில் கொஞ்ச நாள் அதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு விட்டுவிட்டார்கள்.

ஆன்ட்வெர்ப்பிலிருந்து ரயிலில் சிறிது தூரம் போனால் வரும் சின்ன ஊர் அது. எல்ஸ் இசையமைப்பாளர். சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தார். பிரஸ்ஸல்ஸில் படித்து, வயலின்களுக்கும் குழல்களுக்கும் நிறைய எழுதிவிட்டு, இப்போது பெரும்பாலும் கோபுர மணிகளுக்கே எழுதிவந்தார். ஏன் என்று கேட்டவர்களிடம், "அரங்கத்துக்கு எழுதினால் கேட்பவர்கள் இருமுகிறார்கள். மணிக்கு எழுதினால் கீழே சந்தையில் பாலாடைக்கட்டி வாங்குகிறார்கள். இரண்டாவது எனக்குப் பிடித்திருக்கிறது" என்பார்.

யோரிஸ் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து ஓய்வு பெற்றவர். அதுவரை பிறர் எழுதியதையே வாசித்தவர். இப்போது முதல்முறையாகத் தானே ஒன்றை எழுதியிருந்தார். சனிக்கிழமைச் சந்தை நடக்கும்போது கோபுரத்தில் அதை வாசிப்பதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை மாலை அவர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"எல்ஸ், சனிக்கிழமை வேண்டாம். நான் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்."

"முதலில் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். உட்காருங்கள்."

"லோட் சிரிக்கிறான்."

கோபுரத்தில் உட்கார்ந்து, கம்பிகளால் மணிகளோடு இணைத்த விசைக்கட்டைகளைக் கையால் அடித்து மணிகளை வாசிப்பவன் லோட்.

"அவன் எதற்குத்தான் சிரிக்கவில்லை? அவனுடைய கல்யாணத்திலேயே சிரித்தான். பாதிரியார் தொடக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று."

யோரிஸ் தாளை மேசைமேல் விரித்தார். அதில் மணிகளின் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே வந்தன. உச்சியில் எல்லாம் நின்று, ஒரு நீண்ட ஓய்வுக்குறி. அதற்குப் பிறகு ஒரே ஒரு சிறிய மணி.

"இந்த மௌனத்துக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன். லோட் என்ன கேட்கிறான் தெரியுமா? 'ஆர்கனில் விரலை எடுத்தால் ஒலி நிற்கும். இங்கே மணியை யார் நிறுத்துவது? நீங்கள் மேலே வந்து கட்டிப்பிடித்துக்கொள்கிறீர்களா?' என்கிறான்."

"நியாயமான கேள்வி."

"இத்தனை வருஷம் வாசித்தவன் செய்கிற தவறா இது?"

"இத்தனை வருஷம் ஆர்கன் வாசித்தவரால்தான் செய்ய முடியும். வேறு யாருக்கும் இவ்வளவு துணிச்சல் வராது."

"கிண்டல் வேண்டாம். கடைசியாக எழுதியதும் இதுதான், முதலில் எழுதியதும் இதுதான் என்று ஆகிவிடும் வயது எனக்கு. இந்த இடத்தில் மௌனம் வர ஒரு வழி சொல்லுங்கள். இல்லையென்றால் தாளைக் கிழித்துவிடுகிறேன்."

எல்ஸ் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எங்கே?"

"கட்டிப்பிடிக்க."

கோபுரத்தின் உச்சியில் காற்று பலமாக இருந்தது. மணிகள் வரிசையாக, அசையாமல் தொங்கின. இடுப்பளவு உயரமிருந்த ஒன்றின் நாக்கை எல்ஸ் கையால் இழுத்து அடித்தார்.

"நிறுத்துங்கள்" என்றார்.

யோரிஸ் இரண்டு உள்ளங்கைகளையும் மணிமேல் வைத்து அழுத்தினார். போதவில்லை. தயங்கிவிட்டு, மார்போடு சேர்த்து அணைத்தார். ஒலி கரகரத்து அடங்கியது.

"நின்றதா?"

"நின்றது."

"இதைத்தானே கேட்டீர்கள்?"

யோரிஸ் விலகி நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டார். "இல்லை. இது யாரோ வாயைப் பொத்தின மாதிரி இருக்கிறது."

எல்ஸ் மறுபடி அடித்தார். இந்த முறை கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு சும்மா நின்றார். யோரிஸும் நின்றார். அடியின் கூர்மை முதலில் போனது. அதற்குக் கீழே ஒரு முனகல் தங்கியது. அது மெலிந்தது. கீழே ஆற்றில் ஒரு படகு போகும் சத்தம் கேட்டது.

"இப்போது?"

"நின்றுவிட்டது."

"எப்போது நின்றது?"

யோரிஸ் யோசித்தார். "தெரியவில்லை" என்றார். பிறகு, "அப்படியானால் ஓய்வுக்குறியை எடுத்துவிடட்டுமா?" என்று கேட்டார்.

"எழுதியது நீங்கள்" என்று சொல்லிவிட்டு எல்ஸ் படியிறங்கினார்.

அன்று வீட்டில் யோரிஸ் அழிரப்பரைக் கையில் எடுத்தார். கீழே வைத்தார். மறுநாள் தாளை அப்படியே லோடிடம் கொடுத்தார். லோட் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

சனிக்கிழமை சந்தையில் நல்ல கூட்டம். எல்ஸ் பொரித்த மீன் வாங்கித் தின்றுகொண்டிருந்தார். யோரிஸ் எதையும் வாங்கவில்லை. மேலே மணிகள் ஒலிக்கத் தொடங்கின. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏறின, மேலும் ஏறின. யோரிஸ் தன்னையறியாமல் எல்ஸின் கோட்டுக் கையைப் பற்றிக்கொண்டார்.

ஓய்வுக்குறி வந்தது.

லோட் விசைக்கட்டைகளிலிருந்து கைகளை எடுத்திருப்பான். மணிகள் நிற்கவில்லை. அதுவரை அடித்ததெல்லாம் ஒரே முனகலாகக் கலந்து கூடாரங்களின்மேல் இறங்கியது. அதற்குள்ளே ஒரு நாய் குரைத்தது. பாலாடைக்கட்டிக் கடைக்காரர் விலை சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார். கடைமுன் நின்ற பெண் பணப்பையைத் திறந்தபடியே மேலே பார்த்தாள்.

"முடிந்துவிட்டதா?" என்று பக்கத்திலிருந்த கணவனிடம் கேட்டாள்.

"இரு. இன்னும் தெரியவில்லை" என்றான் அவன்.

இருவரும் மேலே பார்த்தபடி இருந்தார்கள். முனகல் மெலிந்து எங்கே போனதென்று தெரியாத ஓர் இடத்தில், சிறிய மணி ஒரு முறை ஒலித்தது.

அந்தப் பெண் சிரித்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தாள்.

யோரிஸின் முகம் சிவந்திருந்தது. "நான் நினைத்த மௌனம் வரவில்லை" என்றார்.

"வரவில்லை."

"ஆனால் நன்றாக இருந்தது."

"இருந்தது."

"மணிகள் அந்தக் குறியை மதிக்கவே இல்லை. பிறகு நான் அங்கே என்னதான் எழுதியிருக்கிறேன், எல்ஸ்?"

எல்ஸ் தன் கோட்டுக் கையைப் பார்த்தார். யோரிஸின் விரல்கள் இன்னும் அதை இறுகப் பிடித்திருந்தன.

"கையை எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள்" என்றார். "லோட் எடுத்துவிட்டான்."