இடது பக்கத்துக் கதவு

சீடருக்கு அறுபத்தெட்டு வயது. குருவுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. சீடர் தெய்வசிகாமணி மில் நடத்திப் பழகியவர் என்பதால், அவர் சந்தேகம் கேட்டாலும் உத்தரவு போடுவது மாதிரிதான் இருக்கும்.

“சாமி, வீட்ல ரெண்டு கார் நிக்குதுங்க. ஒண்ணு ரெண்டே கதவு வெச்ச பழைய வண்டி. இன்னொண்ணு புது செடான், ஓடறதே தெரியாது. சம்சாரம் சௌந்தரம் போயி ஒரு வருஷமாச்சு. ஒத்தை ஆளுக்கு எதுக்கு ரெண்டு? பழசைக் கேட்டு நாளைக்கு ஒருத்தர் வர்றாரு. எது நல்ல வண்டின்னு நீங்க சொல்லிட்டா மத்ததைக் குடுத்துடுவேன்.”

“ரெண்டுலயும் ஏறிப் பாக்கலாமுங்களா?” என்றார் குரு.

காலையில் பழைய காரில் அடிவாரக் கோயில் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். உடம்பில் இருக்கிற எலும்பையெல்லாம் அது எண்ணிக் காட்டிவிட்டது. ஆசிரம வாசலில் நிறுத்தியதும் தெய்வசிகாமணி இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, இடது பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

“எனக்கு எதுக்குங்க இந்த மரியாதை?”

“மரியாதை இல்லீங்க சாமி. உள்கைப்பிடி எங்க கல்யாணத்தப்பவே உடைஞ்சு போச்சு. வெளியில இருந்துதான் திறக்கும். முப்பது வருஷம் நான்தான் சுத்தி வந்து திறந்து விடுவேன். அதுவரைக்கும் சௌந்தரம் சேலையை ஒதுக்கிக்கிட்டு உக்காந்திருப்பா.”

“சரி பண்ணலீங்களா?”

“அது பாட்டுக்கு இருக்கட்டும்னுட்டா.”

மாலையில் புது கார். உள்ளே தண்ணீர்த் தம்ளர் வைத்திருந்தால்கூட ஒரு சொட்டு சிந்தியிருக்காது. வழி நெடுக தெய்வசிகாமணி அதன் பெருமைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். வாசலில் நிறுத்தியபோது போன் வந்தது. பேசிக்கொண்டே இறங்கி உள்ளே போய்விட்டார்.

பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால் குருவைக் காணோம். காருக்கு ஓடி வந்தார். குரு இடது பக்கத்து இருக்கையில், மடியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

“சாமி, கதவு பூட்டிக்கிச்சுங்களா?”

“இல்லீங்க.”

“இதுல உள்ள இருந்தே திறக்கலாமுங்க. சும்மா தொட்டாப் போதும்.”

“தெரியுமுங்க.”

தெய்வசிகாமணி கதவில் கை வைத்தபடி நின்றுவிட்டார். மறுபடி பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

“இந்த வண்டி வாங்கின புதுசுல அவளும் இப்படித்தான் உக்காந்திருந்தா சாமி. நான் உள்ள போயி காபி கேப்பேன். அம்மா இன்னும் கார்லதான் இருக்காங்கன்னு சமையக்காரம்மா சொல்லும். எனக்குக் கோவம் வந்துரும். தொட்டா திறக்கற கதவைத் திறந்துட்டு வர்றதுக்கென்னன்னு ஒரு நாள் சத்தம் போட்டுட்டேன். அதுக்கப்புறம் அவளே இறங்கிப் பழகிட்டா.”

தெய்வசிகாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நாளை நினைத்து அவர் இதற்கு முன்னால் அழுததில்லை.

“பழசைக் குடுக்கலைங்க. இதைத்தான் தலைமுழுகணும். இது வந்துதான் எல்லாம் போச்சு. இது நல்ல வண்டி இல்லைன்னு சொல்லுங்க சாமி.”

அவர் கதவைத் திறக்கும் வரை குரு காத்திருந்தார். பிறகு மெதுவாக இறங்கினார்.

“ரெண்டும் நல்ல வண்டிதானுங்க.”