மகாராஜாவின் இடது கால்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று என்னைக் கேட்காதீர்கள், கோப்பெருவேலன் என்ற ராஜாவுக்குப் போர் இல்லாமல் பொழுது போகவில்லை. அரண்மனை விகடன் அங்கமுத்து ஓர் ஆட்டம் கற்றுக்கொடுத்தான். இல்லாத ஒரு நாட்டை அவன் கதையாகச் சொல்வான். ஆடுகிறவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் தாயக்கட்டையை உருட்டுவார்கள். விழுந்த எண்ணைப் பார்த்து, நடந்தது இன்னதென்று அங்கமுத்து சொல்வான். ராஜாவின் ஆள் சூரப்பன் என்ற திருடன்; அமைச்சருக்கும் ஓர் ஆள் உண்டு. இரண்டு மாதமாக ராஜா சாப்பாட்டை மறந்து சூரப்பனாகத் திரிந்தார்.

ராஜாக்களுக்கு எதுவும் சீக்கிரம் புளித்துவிடும். ஒரு காலைச் சபையில் அவர் சொன்னார்: "அடிபட்டால் வலிக்காத ஆட்டத்தில் ருசி இல்லை. இனி கதையில் நடப்பது நிஜத்திலும் நடக்கட்டும்."

அமைச்சர் விருபாட்சருக்கு அங்கமுத்துவைக் கண்டாலே ஆகாது. அவர் உடனே ஓலையில் ஆணை எழுதினார். கதையில் சொன்னது சொன்னபடி, ஓர் எழுத்துப் பிசகாமல், ஆடியவர் உடம்பில் நடக்க வேண்டும். கதை சொல்பவன் யாருக்காவது ஓரவஞ்சனை செய்தால் அவன் தலை போகும். ராஜா சிரித்துக்கொண்டே முத்திரை வைத்தார். "எனக்கும் விலக்கு இல்லை" என்று வீறாப்பு வேறு.

ராஜாவின் ஆளுக்கு அடி விழுந்தால் ராஜத்துரோகம், தப்பவிட்டால் ஓரவஞ்சனை. இரண்டுக்கும் அங்கமுத்துவின் கழுத்து ஒன்றுதான். கோடாரியோடு தலைவெட்டும் சேவகனையும் வரவழைத்து, தூண் ஓரமாக நிறுத்திவைத்தார் விருபாட்சர்.

ஆட்டம் ஆரம்பமாயிற்று. சூரப்பன் ஒரு கோட்டை அகழிக்கு வந்து சேர்ந்தான்.

"சூரப்பன் அகழியைத் தாண்டிக் குதிக்கிறான்" என்றார் ராஜா.

"மகாராஜா, அகழியில் மஞ்சள் கண்ணுள்ள கிழ முதலை ஒன்று கிடக்கிறது. சுற்றிப் போனால் பாலம் உண்டு, அரை நாள் ஆகும். குதிப்பதானால் ஐந்தோ அதற்கு மேலோ விழ வேண்டும். குறைந்தால் இடது கால் முதலைக்கு. போன வாரம் அமைச்சரின் ஆளிடமும் இதே ஐந்துதான் கேட்டேன்."

"சூரப்பன் பாலத்தில் நடப்பவனா?"

"உருட்டிய பிறகு என்னால் மாற்ற முடியாது. சம்மதம்தானா?"

"சம்மதம். பேசாமல் கட்டையைக் கொடு." எப்படியும் அங்கமுத்து காப்பாற்றிவிடுவான் என்று ராஜாவுக்கு எண்ணம்.

இரண்டு கட்டையிலும் ஒவ்வொரு புள்ளி, மொத்தம் இரண்டுதான்.

"சொல் அங்கமுத்து. கால் போயிற்றா, இல்லையா?" என்றார் விருபாட்சர் மெதுவாக.

"போயிற்று" என்றான் அங்கமுத்து.

ராஜாவின் முகம் வெளுத்தது. அவர் தம் காலை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். ஆணை ஆணைதான் என்று கோடாரிக்காரச் சேவகன் ஓரடி முன்னால் வந்தான்.

"நில்லப்பா" என்றான் அங்கமுத்து. "ஓர் எழுத்துப் பிசகக்கூடாது என்பது ஆணை. கதையில் காலைக் கவ்வியது கோடாரி இல்லை, முதலை."

"அதற்கென்ன, நம் அகழியில் முதலை இல்லையா? பிடித்து வரச் சொல்கிறேன்" என்றார் விருபாட்சர்.

"அது நம் அகழி முதலை. நான் சொன்னது மஞ்சள் கண்ணுள்ள கிழ முதலை. அது கதைக்குள் இருக்கிறது. ஆணை எழுதியவர் தாங்கள், தாங்களே போய் அழைத்து வாருங்கள். வந்தால் நான் தடுக்க மாட்டேன். வரும்வரை மகாராஜாவின் கால் மகாராஜாவிடமே இருக்கட்டும்."

ராஜா மெல்லக் காலை வெளியே நீட்டினார்.

"அப்படியானால் எனக்கு நஷ்டமே இல்லை?"

இந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அங்கமுத்துவுக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் கட்டை விழுந்ததைச் சபையே பார்த்திருந்தது.

"உண்டு, மகாராஜா. சூரப்பனுக்கு இனி ஒற்றைக் கால்தான். நாளைக்கும், அடுத்த மாதமும். அதை நான் திருப்பித் தர மாட்டேன்."

சூரப்பன் மேல் ராஜாவுக்குக் கொள்ளைப் பிரியம். ஆனாலும் தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"சரி, நொண்டியாகவே ஆடுகிறேன். விருபாட்சரே, உம்முடைய ஆள் இனிமேல் சூரப்பனை முதுகில் சுமந்து திரியட்டும். அந்த ஓலையை இங்கே கொடும்."

ஓலையைக் கிழித்துப் போட்டுவிட்டு, தம் முத்துமாலையைக் கழற்றி, அங்கமுத்துவுக்குப் போடப் போனார். ராஜாவின் கை கழுத்துக்கு அருகில் வந்ததும் அங்கமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டான். மாலை விழுந்து வெகுநேரம் கழித்துத்தான் திறந்தான்.