அடுப்பின் உட்சுவர்

"அவனை நம்பலாமா கூடாதா? அதை மட்டும் சொல்லுங்கம்மா" என்றார் தணிகாசலம்.

மெய்யம்மை கோதுமை மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யாரை?"

"என் தம்பியை. பழனியாண்டியை."

தணிகாசலம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட்டைப் பார்க்கும் முன் முகத்தைப் பார்ப்பவர். வேலை போய்விட்டது, அந்தப் பார்வை போகவில்லை. காய்கறிக்காரரும் கோயில் குருக்களும்கூட அதற்குத் தப்பவில்லை.

மெய்யம்மை அவரைவிட இளையவள். ஆனாலும், அவளிடம் யோசனை கேட்க வருகிற எல்லோரையும் போல அவரும் அவளை அம்மா என்றுதான் அழைத்தார். வரும்போதெல்லாம் அவள் வீட்டு வாசல் கேட்டைச் சாத்தி, சங்கிலியையும் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். இன்றும் அப்படித்தான்.

"தம்பி என்ன பண்ணினார்?"

"அப்பா செத்தப்ப நான் டூட்டியில இருந்தேன். வண்டி தாமதம். மூத்தவன் நான் வர்றதுக்குள்ள இவன் கொள்ளி வெச்சுட்டான். கேட்டா, உடம்பு தாங்காதுன்னு எல்லாரும் சொன்னாங்களாம்."

"தாங்கியிருக்குமா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க வர்றேன்?"

மெய்யம்மை மாவில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள்.

"இத்தனை வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. போன வாரம் வாசல்ல வந்து நிக்கிறான். வீட்டுக்கு வாண்ணேங்கிறான். நான் கதவுச் சங்கிலியை எடுக்கலை. இடுக்கு வழியா, 'எதுக்கு?'ன்னு கேட்டேன். முழிச்சுக்கிட்டு நின்னான். அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"என்ன தெரிஞ்சுது?"

"உள்ள என்னமோ இருக்குன்னு."

"அப்புறம்?"

"இன்னிக்கு மத்தியானம் இங்க வரச் சொல்லியிருக்கேன். உங்க முன்னால வெச்சுக் கேட்டுடலாம்னு."

"சாப்பாட்டு நேரத்துக்கு வர்றார். ரொட்டியை நீங்களே போடுங்க" என்றாள் மெய்யம்மை.

பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் தந்தூர் அடுப்பு இருந்தது. இரும்பு டிரம்முக்குள் இறக்கிய மண்பானை, அடியில் கரி நெருப்பு. கணவர் வேலை பார்த்த லூதியானாவில் பழகியதை ஊருக்கு வந்த பிறகும் அவள் விடவில்லை.

அந்த அடுப்பின் மேல் தணிகாசலத்துக்கு முதல் நாளிலிருந்தே ஒரு கண் உண்டு. செங்குத்தான சுவரில் ரொட்டி எப்படி விழாமல் நிற்கும்?

மெய்யம்மை ஓர் உருண்டையைத் தட்டி, ரொட்டியைச் சுவரில் அறையும் துணிப்பொதியின் மேல் விரித்தாள். மேலே ஈரக்கையால் தடவினாள். கை உள்ளே போனது. வெளியே வந்தது. ரொட்டி சுவரில் இருந்தது.

"அவ்வளவுதான்" என்றாள்.

அவ்வளவுதான் என்று சொல்பவர்களைத் தணிகாசலம் நிறையப் பார்த்திருக்கிறார்.

அவரும் தட்டினார், இன்னொரு பொதியில் விரித்தார், தடவினார், குனிந்தார். முகத்தில் அனல் அறைந்தது. வீசிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

ரொட்டி கரியில் விழுந்தது.

"இந்த மாவு வேற மாவு" என்றார்.

"ஒரே பாத்திரம்தானே சார்?"

"உங்க உருண்டையைக் குடுங்க."

கொடுத்தாள். அதுவும் விழுந்தது. கொட்டகையில் கருகல் நாற்றம் எழுந்தது.

"பொதியில ஏதோ இருக்கு."

பொதியை மாற்றிக்கொண்டார்கள். மெய்யம்மையின் ரொட்டி நின்றது. அவருடையது விழுந்தது.

"உங்க பக்கத்துச் சுவர் வேற மாதிரி இருக்கு."

இடத்தை மாற்றிக்கொண்டார்கள். விழுந்தது.

"நெருப்புக்குத்தான் இன்னிக்கு விருந்து போல" என்றாள் அவள்.

தணிகாசலம் சிரிக்கவில்லை. ஓடும் ரயிலில் கழிவறைக் கதவுக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரிந்தும் கதவு திறக்காத நேரங்களில் வரும் படபடப்பு அவருக்கு வந்திருந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும். நான் வர்றதுக்கு முன்னால சுவர்ல என்ன தடவினீங்க?"

"ஒண்ணும் இல்லை."

"எண்ணெயா? வெல்லப் பாகா?"

"நீங்களே பார்த்துக்குங்க."

"பார்க்கத்தான் போறேன்."

மூலையில் கிடந்த துணியை நனைத்துக் கையில் சுற்றினார். அடுப்பின் மேல் கவிழ்ந்தார். முழங்கைக்கு மேலே வரை கை உள்ளே போனது. அவளுடைய ரொட்டி நின்ற இடத்தைத் தேடிப் பிடித்தார். துணியை வைத்து அழுத்தித் தேய்த்தார். புஸ்ஸென்று ஆவி வந்தது. விடவில்லை. இன்னும் கீழே தேய்த்தார். பக்கவாட்டிலும் தேய்த்தார்.

கையை எடுத்துத் துணியைப் பிரித்தார். முகர்ந்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கரி. கொஞ்சம் சாம்பல்.

"கிடைச்சுதா சார்?"

"இல்லை."

மெய்யம்மை அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரும் பார்த்தார். முன்கையில் முடியெல்லாம் சுருண்டு பொசுங்கியிருந்தது. அந்த வாசனை அப்போதுதான் மூக்கில் ஏறியது. அனல் எப்போது பட்டது என்று யோசித்தார். நினைவில்லை.

அவர் அடுப்பைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

கடைசி உருண்டை மிச்சம் இருந்தது. தட்டினார். பொதியில் விரித்து, ஈரக்கையால் தடவினார். குனிந்தார்.

முகத்தில் அதே அனல். கை உள்ளே போனது. சுவரைத் தொட்டது. அழுத்தியது. அங்கேயே கொஞ்சம் இருந்தது.

கையை வெளியே எடுத்தார். எட்டிப் பார்க்கத் துணிவு வரவில்லை. காதைத் தீட்டினார். கரியில் எதுவும் விழும் சத்தம் கேட்கவில்லை.

"அண்ணே..."

வாசலில் குரல். பழனியாண்டி கேட்டுக்கு வெளியே நின்றிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெயிலில் நடந்தே வந்திருக்க வேண்டும்.

தணிகாசலம் முன்பக்கம் போனார். மாவு ஒட்டிய கையோடு கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றார்.

தம்பி அவருடைய முகத்தைப் பார்த்தான். கையைப் பார்த்தான். பின்னால் எழுந்த புகையைப் பார்த்தான். ஓர் அடி பின்வாங்கினான்.

"உள்ள வா, சாப்பிடலாம்" என்றார் தணிகாசலம்.

பழனியாண்டி அசையவில்லை. கண் சுருங்கியது.

"எதுக்கு?" என்றான்.

தணிகாசலம் வாயைத் திறந்தார். என்னவோ சொல்லத்தான் நினைத்தார். கம்பிகளுக்கு இந்தப் பக்கம் அப்படியே விழித்துக்கொண்டு நின்றார்.

பின்னாலிருந்து ரொட்டி வேகும் மணம் வந்தது.

அவர் சங்கிலியை எடுத்தார்.