தொம்பையின் வயிறும் மூன்று ஆலோசகர்களும்

தொம்பை என்ற கரடிக்கு வயிறு வலித்தது.

நேற்றும் வலித்தது. முந்தாநாள் வலிக்கவில்லை. அதற்கு முந்தின நாள் தரையில் உருண்டு புரளும் அளவுக்கு வலித்தது. ஏன் ஒரு நாள் வலிக்கிறது, ஏன் ஒரு நாள் வலிக்கவில்லை என்று தொம்பைக்குப் புரியவே இல்லை. மற்றக் கரடிகள் கண்டதையும் தின்றுவிட்டுக் குறட்டை விட்டன. தொம்பை மட்டும் குகை வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அப்படி என்னத்தைத் தின்றுவிட்டேன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தது.

பெருமழைக்கு இன்னும் இரண்டு மாதந்தான் இருந்தது. அதற்குள் உடம்பில் சதை பிடிக்க வேண்டும். மெலிந்த கரடி அந்த மலையில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டியதாகச் சரித்திரமே இல்லை. தொம்பைக்கோ இப்போதே விலா எலும்பு தெரிந்தது.

அந்தக் காட்டில் யாருக்காவது துன்பம் வந்தால் வட்டப்பாறையில் கூட்டம் போடுவார்கள். கூட்டம் போட்டால் தீர்மானம் போடுவார்கள். தீர்மானம் போட்டால் துன்பப்பட்டவனுக்கு ஒன்று குறையும், தீர்மானம் போட்டவனுக்கு ஒன்று கூடும். தொம்பைக்கு இது தெரியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குப் போய்விட்டது.

தலைமை நெடுவாலன் என்ற கருங்குரங்கு. பக்கத்தில் சிலும்பி என்ற முள்ளம்பன்றி. சற்றுத் தள்ளிச் சுருண்டு கிடந்தது செதிலி என்ற எறும்புத்தின்னி.

"நேற்று என்ன தின்றாய், தம்பி?" என்று கேட்டது நெடுவாலன்.

"பலாப்பழம்."

"முடிந்தது! பலாதான்! வேறு விசாரணையே வேண்டாம்!"

"முந்தாநாளும் பலாப்பழந்தானே தின்றேன்? அன்றைக்கு வலிக்கவில்லையே, அண்ணே?"

"அன்றைக்குத் தின்றதுதான் இன்றைக்கு வலிக்கிறது!"

"அப்படியானால் நேற்று வலித்ததே, அது?"

"நோயாளி குறுக்குக் கேள்வி கேட்கக்கூடாது! பலாவை விட்டுவிடு. உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்!"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தொம்பையும் கை தூக்கியது.

மறுநாள் பலா மரத்தடி வழியாக வந்த தொம்பை அண்ணாந்து பார்த்தது. மரம் முழுக்க நெடுவாலனின் குடும்பம். சுளையும் கொட்டையுமாகக் கீழே விழுந்துகொண்டிருந்தன. 'பாவம்! எனக்கு ஆகாது என்பதற்காக, இவர்கள் தின்று தீர்க்கிறார்களே!' என்று தொம்பை மனம் உருகியது.

அன்று அதற்குப் பாதி வயிறுதான் நிறைந்தது. பசி தாங்காமல் குகைக்கு மேலே இருந்த சரக்கொன்றை மரத்துக்கு ஏறிப் போனது. நீளமான காய்களை உடைத்து, உள்ளே இருக்கும் கருப்புச் சதையை நக்குவது தொம்பையின் பழக்கம். தூங்கப் போகுமுன் இரண்டு காய், சில நாள் நாலு காய். அந்தக் காட்டில் வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். அதன் வாடையே அவர்களுக்குப் பிடிக்காது. அன்று தொம்பை ஐந்து காயை நக்கிவிட்டுப் படுத்தது.

விடிந்ததும் வயிறு வலித்தது.

"பலாவை விட்டுவிட்டேனே!" என்று அழாத குறையாகச் சிலும்பியிடம் சொன்னது. அப்போது தொம்பை கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது.

சிலும்பி குழியை எட்டிப் பார்த்தது. கிழங்கு கொழுத்துக் கிடந்தது. "ஐயோ, அண்ணே! மண்ணுக்குள் விளைகிற பொருளையா தின்கிறீர்கள்? இருட்டிலே விளைந்தது இருட்டான குடலுக்குள் போனால் வெளியே வர வழி தெரியுமா? சுற்றிச் சுற்றி வரும். அதுதான் வலி!"

"நீ தினமும் இதைத்தானே தின்கிறாய்?"

"எனக்கு முள் இருக்கிறது. உங்களுக்கு இருக்கிறதா?"

தொம்பை தன் உடம்பைத் தடவிப் பார்த்தது. முள் இல்லை. முள்ளுக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது. குழியை விட்டு ஒதுங்கியது. சிலும்பி அதில் இறங்கியது.

அன்று பசி இன்னும் கூடியது. கொன்றைக்காயும் ஏழாகக் கூடியது. அதற்குச் சரியாக வலியும் கூடியது.

மூன்றாவதாகச் செதிலி வந்தது. அது எப்போதும் காதோடு காதாகத்தான் பேசும். "கரையான் தின்கிறீராமே?"

"ஆமாம். இனி வயிறு நிறைய அது ஒன்றுதானே மிச்சம்?"

"உயிரோடு விழுங்குகிறீர். உள்ளே போய் அது புற்று கட்டுகிறது."

"வயிற்றுக்குள்ளேயா!"

"கையை வைத்துப் பாரும். குறுகுறுவென்று இருக்கிறதா, இல்லையா?"

தொம்பை கையை வைத்துப் பார்த்தது. குறுகுறுவென்றுதான் இருந்தது. வயிற்றுக்குள் ஒரு நகரமே கட்டப்படுவதாக நினைத்து நடுங்கியது. புற்றைச் செதிலியிடம் ஒப்படைத்தது.

இப்போது தொம்பைக்குத் தின்ன அனுமதிக்கப்பட்டவை புல்லும், புளித்த இலந்தைப்பழமும், எப்போதாவது கிடைக்கும் அத்திப்பழமும், அறிவுரையும். புல் இறங்கவில்லை. இலந்தை போதவில்லை. அறிவுரை நிறையக் கிடைத்தது. கொன்றைக்காய் பத்தானது. காலையில் எழுந்து நிற்கவே கால் நடுங்கியது. ஒவ்வொன்றாக விட விட வலி குறையவேண்டும். இங்கே விட விட ஏறுகிறதே! தொம்பைக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

ஒரு நாள் மதியம் அதற்குச் சலித்துவிட்டது. "சாகிறதுதான் சாகிறோம். வயிறு நிறையத் தின்றுவிட்டாவது சாவோம்!" என்று ஓடையைக் கடந்து அந்தப் பக்கம் போனது. இந்தப் பக்கத்துப் புற்றுகள் எல்லாம் செதிலியின் கையில் போய்விட்டன அல்லவா?

அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய புற்றை உடைத்து, கரையானை உறிஞ்சித் தீர்த்தது. பிறகு மல்லாந்து படுத்து வலிக்காகக் காத்திருந்தது.

வலி வரவில்லை.

"எங்கே போய்விட்டாய்?" என்று வயிற்றைத் தட்டிக் கேட்டது.

அதற்குள் மேலே மலையில் கோடைமழை கொட்டி, ஓடையில் வெள்ளம் வந்துவிட்டது. திரும்ப முடியவில்லை. மறுநாள் கிழங்கு தோண்டித் தின்றது. காத்திருந்தது. வலி வரவில்லை. அதற்கு மறுநாள் இரண்டையும் தின்றது. அப்போதும் வரவில்லை! தொம்பைக்குச் சந்தோஷத்தைவிடக் குழப்பந்தான் அதிகமாக இருந்தது. இந்தப் பக்கத்துக் கரையான் வேறு ரகமோ? தண்ணீர் காரணமோ? கிழக்கே தலைவைத்துப் படுத்ததாலோ? நெடுவாலனின் முகத்தைப் பார்க்காததாலோ? கடைசிக் காரணம் சரியாக இருக்கும் என்று அதற்குப் பட்டது.

ஆறாம் நாள் வெள்ளம் வடிந்தது. தொம்பை துள்ளிக் குதித்து வீடு திரும்பியது. வந்த மகிழ்ச்சியில் நேரே கொன்றை மரத்துக்குப் போய், எட்டுக் காயை நக்கிவிட்டுத் தூங்கியது.

விடிந்ததும் உருண்டு புரண்டது.

சேதி கேட்டு வட்டப்பாறையில் மறுபடி கூட்டம் கூடியது.

"பார்த்தாயா! பெரியவர்கள் பேச்சை மீறினாய். திருட்டுத்தனமாகக் கரையானும் கிழங்கும் தின்றாய். எல்லாம் சேர்த்து இப்போது கொடுக்கிறது!" என்றது நெடுவாலன். "இனி அத்திப்பழமும் கூடாது. அத்தோடு, இவன் தொடாத மரங்களும் புற்றுகளும் சும்மா கிடந்து வீணாகின்றன. நாமே பிரித்துக்கொள்வது என்று தீர்மானம் கொண்டுவருகிறேன்!"

"ஆதரிக்கிறேன்!" என்றது சிலும்பி.

செதிலி படுத்தபடியே தலையை ஆட்டியது.

தொம்பை வழக்கம்போலக் கையைத் தூக்கப் போனது. பாதியில் கை நின்றது. நெடுவாலனின் தொப்பை பாறையில் உட்கார்ந்திருந்தது. சிலும்பிக்குக் கழுத்தே காணோம். செதிலியால் முழுதாகச் சுருளக்கூட முடியவில்லை. கூட்டத்தில் விலா எலும்பு தெரிந்தது ஒருவனுக்குத்தான்.

தொம்பை கையை இறக்கியது. "ஒரு மாதம் தவணை கொடுங்கள். அதுவரை தீர்மானம் வேண்டாம்" என்றது.

"எதற்கு?"

"தெரியவில்லை. ஆனால் வேண்டும்!"

கரடி எழுந்து நின்று கேட்டால், மெலிந்த கரடியானாலும், கொடுக்கத்தான் வேண்டியிருந்தது.

அன்று முதல் தொம்பை ஒரு முறை வகுத்துக்கொண்டது. மூன்று நாளைக்கு ஒரே ஒரு பொருள். வேறெதையும் நாக்கில்கூட வைப்பதில்லை. முதல் மூன்று நாள் கரையான். செதிலி சீறியது. தொம்பை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. வலி இல்லை. வேங்கை மரப் பட்டையில் நகத்தால் ஒரு கீறல் போட்டது. அடுத்த மூன்று நாள் கிழங்கு. சிலும்பி முள்ளைச் சிலிர்த்தது. வலி இல்லை. இன்னொரு கீறல். அத்திப்பழம். அதற்கும் ஒரு கீறல்.

இத்தனைக்கும் காரணமான பொருளைக் காணோமே! எதுவும் குற்றவாளி இல்லையென்றால் இத்தனை நாள் வலித்தது யாருடைய வயிறு? தொம்பை முன்னைவிட அதிகமாகக் குழம்பியது.

யோசித்துக்கொண்டே நடந்து கொன்றை மரத்தடியில் உட்கார்ந்தது. யோசித்துக்கொண்டே ஒரு காயை எடுத்து உடைத்தது. வாய்க்குக் கொண்டுபோனது. சட்டென்று நிறுத்தியது.

'ஒன்பது நாளாக இதைத் தொடவில்லையே நான்! ஆனால் இது சாப்பாடு இல்லையே? சும்மா வாய்க்குத்தானே?'

வாயில் போட்டால் வயிற்றுக்குத்தானே போகிறது என்பது அப்போதுதான் அதற்கு உறைத்தது.

ஆனாலும் தொம்பை அவசரப்படவில்லை. அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர்களை அது நிறையப் பார்த்துவிட்டது. அன்று இரண்டு காய் நக்கியது. ஒன்றும் இல்லை. மூன்று நாள் விட்டு ஐந்து காய். வயிறு கடமுடா என்றது. மறுபடி மூன்று நாள் விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பத்துக் காய். விடியற்காலையில் வலி வந்தது. பழைய அதே வலி. தொம்பை தரையில் உருண்டுகொண்டே சிரித்தது. வலியில் சிரித்த கரடியை அந்தக் காடு அன்றைக்குத்தான் பார்த்தது.

தவணை முடிந்த அன்று அது தானே வட்டப்பாறைக்குப் போனது. மேலே மேகம் கருத்திருந்தது.

"கண்டுபிடித்துவிட்டேன். கொன்றைக்காய்!"

"அதுவா!" என்றது நெடுவாலன் ஏமாற்றத்தோடு. "அதை நீ தின்கிறாய் என்று சொல்லவே இல்லையே?"

"நீங்கள் கேட்கவே இல்லையே! மூன்று பேரும் எனக்கு ஒவ்வொன்றைத் தடுத்தீர்கள். உங்களுக்கு வேண்டியதை எல்லாம் தடுத்தீர்கள். உங்களுக்கு வேண்டாத ஒன்றை மட்டும் தடுக்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றுகொண்டிருந்தது!"

"உன் நன்மைக்காகத்தானே சொன்னோம், தம்பி!"

"என் நன்மையெல்லாம் உன் தொப்பையில்தான் வளர்ந்திருக்கிறது, அண்ணே!"

சிலும்பி முகத்தைத் திருப்பிக்கொண்டது. செதிலி தனக்குக் காது கேட்காததுபோல இருந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. தொம்பையும் அதை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. நேரே பலா மரத்துக்கு நடந்தது. பலாவை அது இன்னும் சோதிக்கவில்லை. மரத்தில் அந்தப் பருவத்தின் கடைசிப் பழம் ஒன்று தொங்கியது.

நெடுவாலன் தாவித் தாவிப் பின்னால் வந்தது. "ஏறாதே! பலா உனக்கு விஷம்!"

"விஷமென்றால் நானே விடுகிறேன். நீ விடச்சொல்லி விடமாட்டேன்!"

தொம்பை ஏறியது. பாதியில் வழுக்கியது. மறுபடி ஏறியது. பழத்தைத் தள்ளி இறக்கிப் பிளந்து, மூன்று நாளைக்கு வேண்டியதைப் பிரித்துவைத்து, மிச்சத்தை ஒதுக்கி வைத்தது. முதல் நாள் ஐந்து சுளை. வயிறு அமைதியாக இருந்தது. இரண்டாம் நாள் பத்துச் சுளை. அமைதிதான். மூன்றாம் நாள் பதினொன்று. வயிறு லேசாக உப்பி ஒரு முணுமுணுப்புக் காட்டியது.

மூன்று நாளும் கிளையைவிட்டு இறங்காமல் பார்த்துக்கொண்டிருந்த நெடுவாலன் கைகொட்டிக் கத்தியது. "பார்த்தாயா! பார்த்தாயா! நான் அன்றைக்கே சொன்னேன்!"

"பார்த்தேன். பத்து எனக்கு ஆகும். பதினொன்றாவது ஆகாது" என்றது தொம்பை. வயிற்றைத் தடவிக்கொண்டே மிச்சத்திலிருந்து பத்துச் சுளையை எண்ணி நாளைக்கென்று தன் பக்கம் நகர்த்திக்கொண்டது. ஒரு சுளை மீந்தது. அதை எடுத்து மேலே நீட்டியது.

"இந்தா, அண்ணே. உன் பங்கு இவ்வளவுதான்!"

முதல் தூறல் விழுந்தது. தொம்பை பெருமழைக்கு முன் தின்ன வேண்டியதைத் தேடிக் கிழங்குக் குழிகளின் பக்கம் நடந்தது.

உன் வயிற்றுக்கு எது ஒவ்வாது என்பதை உன் வயிற்றையே பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொள். நீ விட்டதைத் தின்னக் காத்திருப்பவனைக் கேட்காதே.